தோட்டத்தில் பிறந்த முதல் தொழில் அமைச்சர்: அமரர் பெரி சுந்தரம்

பேராதனைச் சந்தியில் புகையிரதப் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதை கண்டிக்குச் செல்கிறது. மற்றது நாவலப்பிட்டி, ஹட்டன் வழியாக மலையேறுகிறது. அமரர் பெரி சுந்தரம் அவர்களின் வாழ்வு இவ்விரு பாதைகளுக்கும் உரியது. அவருக்குக் கல்வி தந்தது கண்டி. அவரைத் தன் பிரதிநிதியாக அனுப்பியது ஹட்டன்.

கண்டிப் பகுதித் தோட்டமொன்றில், கங்காணி குடும்பமொன்றில், 1890-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்று, இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் கற்று, பாரிஸ்டராகத் திரும்பினார். தோட்டத்துப் பிள்ளை பெயரெழுதப் படிப்பதே அரிதாயிருந்த காலம் அது. படித்தவர் பிறந்த மண்ணை மறக்கவில்லை. 1919-ல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் தலைமையில் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் உருவானபோது, அதன் செயலாளர் பொறுப்பை ஏற்றார்.

1931-ல் டொனமூர் அரசியலமைப்பின்படி அரசாங்க சபைத் தேர்தல் நடந்தது. ஹட்டன் தொகுதியில் அவர் போட்டியின்றித் தெரிவானார். சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, குழுத் தலைவர்களைத் தாங்களே தெரிந்தெடுத்தனர். அத்தலைவர்களே அமைச்சர்கள். அவ்வாறு தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார் பெரி சுந்தரம். தோட்டத்துப் பிள்ளையொருவர் நாட்டின் தொழில் அமைச்சரானது அதுவே முதல் தடவை.

அவர் பதவியேற்றது உலகப் பொருளாதார மந்த காலம். தேயிலை, இறப்பர் விலைகள் வீழ்ந்தன. 1932-லும் 1933-லும் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்சச் சம்பளம் வெட்டப்பட்டது. தம்மவர் ஒருவர் அமைச்சராயிருந்தும் இது நேர்ந்ததே என்ற மனத்தாங்கல் தோட்டங்களில் எழுந்தது இயல்பே. அவரது வாழ்க்கையை எழுதுவோர் இதை மறைத்தல் நீதியாகாது.

ஆயினும் அவருடைய பதவிக் காலத்திலேயே, 1934-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் நிறைவேறியது. 1935-ல் அது நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் 1897-லும் இந்தியாவில் 1923-லும் வந்த சட்டங்களின் வழியில் அமைந்தது இது.

இதன் அருமையை அறிய, முன்பிருந்த நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலை யந்திரத்தில் விரல்களை இழந்தவன், துரையின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் நிரூபித்தாலன்றி ஒரு சதமும் பெற வழியில்லை. பிரக்டருக்குக் கொடுக்க அவனிடம் பணம் ஏது? உழைக்க இயலாதவன் கையில் பற்றுச்சீட்டு வந்தால் வேலையோடு லயத்து அறையும் போய்விடும். குடும்பமே தெருவில் நிற்கும்.

புதிய சட்டம் அந்த நிரூபணச் சுமையை நீக்கியது. விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்ததா என்பதே கேள்வி. நேர்ந்ததாயின் தொழில்கொள்வோர் நட்டஈடு செலுத்த வேண்டும். நிரந்தர ஊனத்துக்கும் தற்காலிக இயலாமைக்கும் சில தொழில்சார் நோய்களுக்கும் இது பொருந்தும். தொழிலாளி இறந்தால் அவரை நம்பியிருந்தோருக்கு அது சேரும். பிணக்கைத் தீர்க்க ஆணையாளர் ஒருவரும் உண்டு. காயமுற்ற வேளையிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பின்னர் வேலைநீக்கம் செய்வதால் அது அழியாது. உரிமையைக் கைவிடுவதாகத் தொழிலாளியிடம் கையெழுத்து வாங்கினாலும் சட்டத்தின் முன் அது செல்லாது.

1936 தேர்தலில் ஹட்டன் தொகுதி கோ. நடேசய்யரைத் தெரிவுசெய்தது. 1939-ல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியபோது பெரி சுந்தரம் அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவரானார். 1957-ல் அவர் மறைந்தார்.

அவர் காலத்துச் சட்டமோ பல திருத்தங்களுடன் வாழ்கிறது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், வேலைக்குப் போகும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் சேர்த்துக்கொண்டது. எனினும் கேட்காதவனுக்குச் சட்டம் தானாக வந்து கதவைத் தட்டாது. வேலையில் காயமுற்றவர் தாமதியாது மேலாளருக்கு அறிவித்து, அதைப் பதியச் செய்து, வைத்தியசாலைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். வேலையை விட்டு நிறுத்தப்பட்டாலும் மனந்தளராது தொழில் அலுவலகத்தை அல்லது தொழிற்சங்கத்தை நாட வேண்டும். நட்டஈடு எவரும் இடும் பிச்சையன்று; உழைப்பில் சிந்திய இரத்தத்துக்குரிய கடன்.