வேவுகாரர் வரைந்த வேடிக்கை முகங்கள்

ஒருவருக்கு மூக்கு சற்று நீளம் என்றால், படத்தில் அதை இன்னும் கொஞ்சம் நீட்டுவார். தொப்பை இருந்தால் இன்னும் கொஞ்சம் பெரிதாக்குவார். ஆனாலும் படத்தைப் பார்த்த மாத்திரத்தில், இவர் இன்னார் என்று ஊரே சொல்லிவிடும்.

இப்படிப் பிரபுக்களையும் மந்திரிகளையும் நீதிபதிகளையும் வரைந்து, இங்கிலாந்தைச் சிரிக்க வைத்தவர் லெஸ்லி வார்டு. ‘ஸ்பை’ என்ற புனைபெயரால் புகழ் பெற்றவர்.

தந்தையிடம் பயம்

வார்டு 1851-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தந்தை எட்வர்டு, தாயார் ஹென்ரியட்டா இருவருமே பெயர் பெற்ற ஓவியர்கள். சரித்திர நிகழ்ச்சிகளைப் பெரிய பெரிய படங்களாகத் தீட்டியவர்கள். லண்டன் பார்லிமெண்டு மாளிகையின் சுவர்களிலும் தந்தையின் ஓவியங்கள் உண்டு.

ஈட்டன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வாத்தியார்களையும், கூடப் படித்த பையன்களையும் வார்டு கேலியாக வரைவார். படிப்பு முடிந்ததும், சிட்னி ஸ்மர்க் என்ற கட்டிடக் கலைஞரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அதில் மனம் ஒட்டவில்லை. ஓவியனாக வேண்டும் என்பதே ஆசை. ஆனால், ஓவியரான தந்தையிடமே அதைச் சொல்லப் பயம்!

கடைசியில் பிரித் என்ற பிரபல ஓவியர், பையனுக்காகப் பரிந்து பேசினார். பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகே தந்தை இணங்கினார். 1871-ல் ராயல் அகாடமி ஓவியப் பள்ளியில் வார்டு சேர்ந்தார்.

அகராதி கொடுத்த பெயர்

அந்தக் காலத்தில் லண்டனில் ‘வானிட்டி பேர்’ என்ற வாரப் பத்திரிகை வெளிவந்தது. தாமஸ் பவுல்ஸ் என்பவர் 1868-ல் தொடங்கியது. வாரம் ஒரு பிரமுகரின் கேலிச் சித்திரம், வர்ணத்தில், தனித் தாளாக அதில் வரும். பெல்லிக்ரினி என்ற இத்தாலியர் ‘ஏப்’ என்று கையெழுத்திட்டு வரைந்து வந்தார். ‘ஏப்’ என்றால் வாலில்லாக் குரங்கு.

பெல்லிக்ரினிக்கும் பவுல்சுக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டது. 1873-ல் அந்த இடத்துக்கு வார்டு வந்தார். வயது 21.

அவருக்கும் ஒரு புனைபெயர் வேண்டுமே! பவுல்ஸ் அகராதியை எடுத்துக் கொடுத்தார். வார்டு அதைத் திறந்தார். ‘ஸ்பை’ என்ற சொல் கண்ணில் பட்டது. ‘ஸ்பை’ என்றால் வேவுகாரன்.

கண்ணால் பிடித்த படம்

பெயருக்கு ஏற்ற வேலைதான் அவர் செய்தார். குதிரைப் பந்தயம், கோர்ட்டு, சர்ச்சு, பார்லிமெண்டு என்று பிரமுகர்கள் போகும் இடங்களுக்கெல்லாம் போவார். அவர்கள் நடப்பதையும் நிற்பதையும் கவனிப்பார். பிறகு நினைவிலிருந்தே வரைவார். எந்தப் பார்லிமெண்டின் சுவரில் தந்தை பழைய சரித்திரத்தைத் தீட்டினாரோ, அதே பார்லிமெண்டில் மகன் உயிரோடு நடமாடியவர்களைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

அவருடைய படத்தைப் பார்த்து அச்சகத்தார் கல்லில் வரைந்து, வர்ணம் வர்ணமாக அச்சிடுவார்கள்.

எல்லோரும் சிரித்துவிடவில்லை. முதல் ஆண்டிலேயே நாவலாசிரியர் டிரொலப்பை வரைந்தார். தம்மை ஒருவர் கவனித்துக் கொண்டிருந்தது டிரொலப்புக்குத் தெரியாது. படம் வெளிவந்ததும் அவருக்குக் கடுங்கோபம் வந்துவிட்டது.

போகப் போக வார்டின் கேலியில் காரம் குறைந்தது. ‘வானிட்டி பேர்’ பத்திரிகையில் படம் வருவதே கௌரவம் என்று ஆயிற்று. நீதிபதிகள் அங்கி தரித்தும், படைத்தலைவர்கள் உடுப்பு அணிந்தும் அவருடைய ஓவியக் கூடம் தேடி வந்து நின்றார்கள். 1897-ல் நம் நாட்டுக் கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜியையும் வார்டு வரைந்தார். ‘ரஞ்சி’ கோப்பைக்குப் பெயர் தந்தவர் இவர்தான்.

காத்திருந்த கல்யாணம்

வார்டு விரும்பிய பெண் ஜூடித். பெண்ணின் தகப்பனார் சம்மதிக்கவில்லை. ஆண்டுகள் பல கடந்தன. 1899-ல்தான் திருமணம் நடந்தது. அப்போது அவருக்கு வயது 47. அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள்.

1911 வரை, ஏறக்குறைய 40 ஆண்டுகளில், 1,300-க்கு மேற்பட்ட படங்களை அந்தப் பத்திரிகைக்காக வரைந்தார். 1918-ல் ‘சர்’ பட்டம் கிடைத்தது. 1922-ம் ஆண்டு மே 15-ந் தேதி லண்டனில் காலமானார்.

வாரத் தாள் வாழ்கிறது

பத்திரிகை 1914-லேயே நின்றுவிட்டது. ஆனால் அதில் வந்த தாள்களைத் தேடிச் சேகரிப்பவர்கள் பலர். வக்கீல்கள் நீதிபதிகளின் படங்களை வாங்கி, ஆபீசில் கண்ணாடி போட்டு மாட்டுகிறார்கள். கிரிக்கெட் பிரியர்கள் ஆட்டக்காரர்களின் படங்களைத் தேடுகிறார்கள். பின்னாளில் அச்சிட்ட பிரதிகளும் உலவுவதால், விவரம் தெரிந்தவர்கள் தாளின் பழமையையும், அடியில் உள்ள அச்சகத்தின் பெயரையும் பார்த்தே வாங்குவார்கள்.

அந்தப் பத்திரிகைக்கு வேறு பல ஓவியர்களும் வரைந்திருக்கிறார்கள். ஆனால் யார் வரைந்த படமானாலும், மக்கள் அதை ‘ஸ்பை’ படம் என்றே சொல்கிறார்கள். தந்தையிடம் ஆசையைச் சொல்லப் பயந்த பையனின் பெயர் அப்படி நிலைத்துவிட்டது!