உப்போடு கலந்த நற்பணி: வைத்தியர் டேவிட் மரீன்

நாம் வாங்கும் உப்புப் பைக்கற்றில் "அயடீன் சேர்க்கப்பட்டது" என்று அச்சிடப்பட்டிருக்கும். அந்தச் சிறு சொற்களுக்குப் பின்னால் ஒரு வைத்தியரின் பல்லாண்டு உழைப்பும், நம் வயதை ஒத்த ஆயிரக்கணக்கான மாணவிகளின் ஒத்துழைப்பும் இருக்கின்றன.

டேவிட் மரீன் 1880 இல் ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். 1905 இல் மருத்துவப் பட்டம் பெற்று, ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகருக்குப் பணியாற்றச் சென்றார். அங்கே மனிதருக்கு மட்டுமல்ல, தெருநாய்களுக்கும் கழுத்து வீங்கியிருப்பதைக் கண்டார். அதன் காரணத்தைத் தேடுவதே அவரது வாழ்நாட் பணியாயிற்று.

கழுத்தின் முன்புறத்திலுள்ள தைரொயிட் சுரப்பி, உடலும் மூளையும் வளரத் தேவையான ஓமோனைச் சுரக்கிறது. அதற்கு அயடீன் அவசியம். அயடீன் குறைந்தால் சுரப்பி பருத்துக் கண்டக்கழலை உண்டாகும். கர்ப்பிணித் தாய்க்கு அது மிகவும் குறைந்தால் பிள்ளையின் அறிவு வளர்ச்சியே பாதிக்கப்படும். அமெரிக்கப் பேரேரிகளைச் சூழ்ந்த மண்ணில் அயடீன் குறைவாக இருந்தது.

பருத்த சுரப்பிகளில் அயடீன் குறைந்திருப்பதை மரீன் விலங்குகளில் ஆராய்ந்து காட்டினார். பென்சில்வேனியாவில் வளர்ப்பு மீன்களுக்கு வந்த கட்டியைப் பலர் புற்றுநோய் என எண்ணினர். அது கண்டக்கழலையே எனக் கண்டறிந்த அவர், நீரில் அயடீன் சேர்த்து அதைத் தணித்தார்.

மீனுக்கு உதவியது மனிதருக்கும் உதவுமா? பாடசாலைப் பிள்ளைகளிடம் இதைச் சோதிக்க அவர் அனுமதி கேட்டபோது, பிள்ளைகளுக்கு நஞ்சாகிவிடும் என்ற அச்சத்தால் கிளீவ்லாந்துக் கல்விச் சபை மறுத்துவிட்டது. அவர் மனம் தளரவில்லை. அருகிலிருந்த அக்ரோன் நகரம் இணங்கியது.

கண்டக்கழலை பெண்பிள்ளைகளையே அதிகம் தாக்கியதால், 1917 இல் மரீனும் மருத்துவ மாணவரான கிம்பலும் ஐந்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான மாணவிகளைப் பரிசோதித்தனர். பாதிக்கு மேற்பட்டோருக்கு ஓரளவேனும் வீக்கம் இருந்தது. எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பியவர்களுக்கு மட்டும் ஆண்டுக்கு இருமுறை, பத்து நாட்களுக்கு நாளொன்றுக்கு 0.2 கிராம் சோடியம் அயடைட்டை நீரில் கரைத்துக் கொடுத்தனர்.

முடிவு வியப்பளித்தது. வீக்கமின்றி இருந்து மருந்தை உட்கொண்ட 2190 மாணவிகளில் 5 பேருக்கு மட்டுமே சுரப்பி பருத்தது. உட்கொள்ளாத 2305 பேரில் 495 பேருக்குப் பருத்தது. ஏற்கெனவே வீக்கம் இருந்து மருந்தை உட்கொண்ட 1182 பேரில் 773 பேருக்கு அது குறைந்தது.

மருந்தை வீடு வீடாகக் கொடுக்க முடியாது. ஆனால் உப்பு இல்லாத அடுப்படி இல்லை. சுவிற்சர்லாந்து காட்டிய வழியில், 1924 இல் மிச்சிகன் மாநிலத்தில் அயடீன் உப்பு விற்பனைக்கு வந்தது. மரீன் நியூயோர்க்கில் ஆய்வைத் தொடர்ந்து, 1976 இல் காலமானார்.

ஈரவலயத்தில் கண்டக்கழலை பரவலாகக் காணப்பட்ட நம் இலங்கையிலும் 1995 முதல் உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாயிற்று. அந்த உப்பை இறுக மூடி, ஈரமும் வெயிலும் படாமல் வைப்பது நம் பொறுப்பு. நோய் வந்தபின் கழுத்தை அறுத்துச் சிகிச்சை செய்வதைவிட, வருமுன் ஒரு சிட்டிகையால் காப்பது மேல் என்பதையே மரீனின் வாழ்வு நமக்குக் கற்றுத்தருகிறது.