கல்கத்தா குளத்தில் சிக்கிய காலரா கிருமி... யார் இந்த ராபர்ட் கோக்?

காலரா எப்படிப் பரவுகிறது? கெட்ட காற்றால்தான் என்று ஒருகாலத்தில் பெரிய டாக்டர்களே நம்பினார்கள். தண்ணீரில்தான் ஆபத்து இருக்கிறது என்பதற்குக் கிருமியையே ஆதாரமாகக் காட்டியவர் ஜெர்மனியின் ராபர்ட் கோக்.

கிருமியை எண்ணிய டாக்டர்

1843-ல் பிறந்த கோக், சிறிய ஊரில் டாக்டராக வேலை பார்த்தபடியே 1876-ல் ஆந்த்ராக்ஸ் நோய்க்கான காரணத்தை நிரூபித்தார். 1881-ல் அவர் காட்டிய வழி ரொம்ப எளிமையானது. ஜெலட்டின் கலந்த சத்துப்பொருளில் கிருமிகளை வளரவிட்டால், ஒவ்வொன்றும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை எண்ணினால் போதும், தண்ணீரில் எத்தனை கிருமிகள் என்று தெரிந்துவிடும். 1882-ல் காசநோய்க் கிருமியையும் கண்டுபிடித்தார்.

கல்கத்தா பயணம்

காலராவைத் தேடி எகிப்து போனவர், 1883 டிசம்பரில் கல்கத்தா வந்தார். நோய் பரவிய பகுதியில் மக்கள் ஒரே குளத்தில் குளித்து, துவைத்து, அதையே குடிக்கவும் செய்தார்கள். நோயாளிகளின் குடலில் பார்த்த அதே கிருமி, 1884-ல் அந்தக் குளத்து நீரிலும் சிக்கியது. இத்தாலியின் பாசினி 1854-லேயே இந்தக் கிருமியைப் பார்த்திருந்தார். ஆனால் அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஒரே ஆறு, இரண்டு ஊர்

1892-ல் ஹாம்பர்க் நகரில் காலரா. சுமார் 8,600 பேர் பலி. அங்கே எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் கொடுத்தார்கள். ஒட்டியே இருந்த அல்டோனாவோ, ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு வரும் தண்ணீரைத்தான் எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டியதால் பெரும்பாலும் தப்பியது. வடிகட்டிய நீரில் 1 மில்லி லிட்டருக்கு 100 கிருமிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது கோக் வகுத்த அளவு. 1905-ல் நோபல் பரிசு பெற்ற அவர், 1910-ல் காலமானார்.

இன்றைக்கு நமக்கென்ன?

அவர் இறந்து 66 ஆண்டுகள் கழித்து, 1976-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் தங்கியவர்களை லெஜியோனெல்லா என்ற கிருமி தாக்கியது. கட்டடங்களின் தொட்டி, குழாய்களில் 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் இது நன்றாகப் பெருகும். நீர்த்திவலையோடு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம்.

திண்டுக்கல் வெயிலில் மொட்டைமாடித் தொட்டி சூடாகும். தண்ணீர் நாள்கணக்கில் தேங்கினால் அதிலுள்ள குளோரினும் குறைந்துவிடும். எனவே தொட்டியை மூடி வையுங்கள், அவ்வப்போது கழுவுங்கள். சிறுமலை போன்ற குளிர்ப்பகுதி விடுதிகளில் சுடுநீர்த் தொட்டியை 60 டிகிரியில் வைப்பது பாதுகாப்பு. குளிக்கும்போது பச்சைத்தண்ணீர் கலந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சுட்டுவிடும். பூட்டிக் கிடந்த அறையில் முதலில் குழாயைத் திறந்து, தேங்கிய நீரை ஓடவிடுங்கள்.

கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதெல்லாம் சுத்தமான தண்ணீர் இல்லை. கோக் விட்டுப்போன பாடம் இதுதான்!