அரியர் இல்லாத பள்ளிக்கூடம்

மலரில் வழக்கமாக விஞ்ஞானிகளையும் தலைவர்களையும் பற்றித்தான் எழுதுவோம். இந்த முறை ஒரு வாத்தியாரைப் பற்றி எழுதுகிறேன். கார்ல்டன் வாஷ்பர்ன். கல்வித்துறையில் உலகறிந்த பெயர். நம்ம இன்ஜினியர்களுக்குத்தான் புதுசு.

1889-ல் சிகாகோவில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டில் படித்துவிட்டு, கலிஃபோர்னியாவில் வாத்தியார் வேலைக்குப் போனார். பிறகு சான் பிரான்சிஸ்கோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஃப்ரெடரிக் பர்க்கிடம் வேலை பார்த்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிக்கலாம் என்று அங்கே செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1919-ல் சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் விநெட்கா என்ற புறநகரின் பொதுப் பள்ளிகளுக்கெல்லாம் தலைமை அதிகாரி ஆனார். முப்பது வயதுகூட ஆகவில்லை. 1943 வரை அங்கேதான் இருந்தார்.

அவர் செய்தது இதுதான். கணக்கு, வாசிப்பு, எழுத்து மூன்றையும் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்தார். பிள்ளைகள் பயிற்சிப் புத்தகத்தில் தாங்களே போட்டு, தாங்களே விடையைச் சரிபார்ப்பார்கள். அப்புறம்தான் டெஸ்ட். தப்பு வந்தால் ஃபெயில் கிடையாது. எந்த இடம் வரவில்லையோ அதை மட்டும் பழகி, மறுபடி எழுதலாம். பெருக்கல் வரவில்லை என்பதற்காக வருஷம் முழுக்க அதே வகுப்பில் உட்கார வேண்டாம். மீதி நேரம் நாடகம், கைவேலை, கூட்டு முயற்சிகள். இதற்கு விநெட்கா திட்டம் என்றே பெயர் வந்தது.

நமக்குப் பிடித்த விஷயம் 1940-ல் கட்டிய குரோ ஐலண்ட் பள்ளி. எலியல் சாரினென், அவர் மகன் ஈரோ, கூடவே பெர்க்கின்ஸ், வீலர், வில் நிறுவனம் வடிவமைத்தது. வரைபடம் போடுமுன் லாரி பெர்க்கின்ஸ் வகுப்புகளில் போய் உட்கார்ந்து கவனித்தார், ஆசிரியர்களிடமும் கேட்டார்கள். எல் வடிவ வகுப்பறை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கழிப்பறை, தனி முற்றம், பிள்ளை கைக்கு எட்டும் சுவிட்ச்.

விநெட்கா வசதியான ஊர். பணம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் டெஸ்டை மறுபடி எழுத விடுவதற்குப் பணம் தேவையில்லை.

1943-ல் நேசநாட்டுப் படை நிர்வாகத்தோடு இத்தாலி போய், பாசிசப் பாடப்புத்தகங்களை நீக்கிப் பள்ளிகளைத் திறக்க உதவினார். பின்னர் புரூக்ளின் கல்லூரியில் ஆசிரியர். 1968-ல் மறைந்தார்.

அரியர் வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, முழுப் புத்தகத்தையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். எந்தப் படியில் நின்றுபோனது என்று தேடுங்கள். சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒரு ஜூனியரோடு உட்கார்ந்து, அந்தப் படியைக் கண்டுபிடித்துக் கொடுங்கள். சங்கத்துக்கு இதில் பைசா செலவில்லை.