வீடு நீங்குமுன் படித்த நூல்

ஒருவர் எழுதிய நூல்கள் அவருடைய ஆற்றலைக் காட்டும். பிறர் நூல்களை அவர் படித்த முறையோ அவருடைய உள்ளத்தைக் காட்டும். மாணவப் பருவத்திலே சேர் வால்டர் ஸ்கொட்டின் நாவல்களில் மூழ்கிக் கிடந்த எனக்கு, பல ஆண்டுகள் கழித்து அவருடைய நாட்குறிப்பைப் படித்தபோதுதான் இவ்வுண்மை விளங்கிற்று.

1771 இல் எடின்பரோ நகரிற் பிறந்த ஸ்கொட், குழந்தைப் பருவத்திலேயே நோயினால் ஒரு கால் ஊனமுற்றவர். பதின்மூன்று வயதளவில், கெல்சோ என்னும் ஊரில், தோட்டத்து மரநிழலிலே பேர்சி தொகுத்த பழைய கதைப்பாடல்களைப் படித்துக்கொண்டிருந்தவர் உணவு வேளையையும் மறந்தார். வீரமும் பழமையும் அன்றே அவர் நெஞ்சிற் குடிகொண்டன. பிற்காலத்தில் அபட்ஸ்ஃபோர்ட் மாளிகையில் அவர் சேர்த்த நூல்கள் ஏறக்குறைய 9,000.

இத்தகையவர் தம் சுவைக்கு ஒத்தவற்றை மட்டுமே போற்றியிருந்தால் வியப்பில்லை. ஆனால், கவிதையில் பைரன் தம்மை விஞ்சிவிட்டதை உணர்ந்தபோது அவர் பொறாமை கொள்ளவில்லை. உரைநடைக்குத் திரும்பி, 1814 இல் பெயர் மறைத்து 'வேவர்லி'யை வெளியிட்டார். ஜேன் ஒஸ்டினின் 'எம்மா'வுக்குப் பெயரிடாமலே மதிப்புரை எழுதி, அன்றாட வாழ்வைச் சித்திரிக்கும் அப்புதுவகை நாவலின் சிறப்பைப் படிப்போர்க்கு எடுத்துக்காட்டினார்.

1826 ஜனவரியில் அவருடைய பதிப்பாளரும் அச்சகத்தாரும் நொடித்துப்போக, ஓர் இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட கடன் அவர் தலையில் விழுந்தது. கடனை எழுதியே அடைப்பதென்று அவர் உறுதி பூண்டார். பல்லாண்டு வாழ்ந்த காசில் தெரு வீட்டையும் இழக்க நேர்ந்தது. மார்ச் 15 ஆம் நாள் அவ்வீட்டை விட்டு நீங்கினார். அதற்கு முந்திய நாட்குறிப்பில் நான் எதிர்பார்த்தது புலம்பல். கண்டதோ இலக்கிய விமரிசனம்! ஒஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலைக் குறைந்தது மூன்றாம் முறையாகப் படித்ததாக அவர் குறித்திருக்கிறார். ஆரவார நடை தமக்குக் கைவந்ததே. ஆயினும் சாதாரண மனிதரையும் நிகழ்ச்சிகளையும் சுவைபடச் செய்யும் அந்த நுண்மை தமக்கு வாய்க்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். 1817 இலேயே அவ்வம்மையார் மறைந்ததற்கு வருந்துகிறார்.

அந்நாளில் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றிருந்தவர் ஸ்கொட். ஒஸ்டினின் புகழோ மிகச் சிறிது. இன்று அந்நிலை தலைகீழாகிவிட்டது. காலம் பின்னர் வழங்கிய தீர்ப்பை, தமக்கே பாதகமாயினும், அவர் முன்னரே எழுதி வைத்தார்.

இறுதிவரை எழுதிக்கொண்டேயிருந்த அவர் 1832 இல் மறைந்தார். எஞ்சிய கடனையும் அவருடைய நூல்களே பின்னர் அடைத்தன. பிறர் ஆக்கங்களை மதிப்பிட நான் பேனாவை எடுக்கும்போதெல்லாம், வெறுமையாகிக்கொண்டிருந்த அந்த வீடும் அங்கே அவர் எழுதிய அவ்வரிகளும் என் நினைவுக்கு வருகின்றன.