முகவரிச் சீட்டை எளிமையாக்கிய டென்னிஸ் ரிச்சி

பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்தபோது, சி மொழியில் என்னை அதிகம் அலைக்கழித்தது ‘பாயிண்டர்’ எனப்படும் சுட்டுதான். நான் எழுதிய நிரல் இயங்கத் தொடங்கிய மறுகணமே நின்றுவிடும். காரணம் தேடி ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தேன். இதை இவ்வளவு சிக்கலாக உருவாக்கியவர் யார் என்ற எரிச்சலில்தான் அவரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்தபோது எரிச்சல் போய் மரியாதை வந்திருந்தது.

அவர் டென்னிஸ் ரிச்சி. 1941 செப்டம்பர் 9ஆம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையும் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த ரிச்சி, பின்னர் அங்கேயே பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். ஆய்வேட்டை எழுதியும் பட்டத்தை முறைப்படி பெறவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. 1967ல் அவரும் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

1969ல் அவருடைய சக ஊழியர் கென் தாம்சன், பிடிபி-7 என்ற சிறிய கணினியில் யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். ரிச்சியும் அதில் கைகோத்தார். தாம்சன் அதற்கென்று ‘பி’ என்ற மொழியையும் உருவாக்கினார்.

ரிச்சி தீர்த்த சிக்கலைப் புரிந்துகொள்ள, அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும் அஞ்சல் பெட்டிகளை நான் நினைத்துக்கொண்டேன். கணினியின் நினைவகமும் அப்படித்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை எழுதி வைத்திருக்கும் சீட்டுதான் பாயிண்டர்.

‘பி’ மொழிக்கு எல்லாப் பெட்டிகளும் ஒரே அளவுதான். ஆனால் 1970ல் வந்த பிடிபி-11 கணினியில், ஓர் எழுத்து ஒரு பெட்டியில் அடங்கியது; ஒரு முழு எண்ணுக்கு இரண்டு பெட்டிகள் தேவைப்பட்டன. சீட்டில் இருந்த கணக்கு ஒன்று, இயந்திரத்தின் கணக்கு வேறொன்று. ஒவ்வொரு முறையும் ஒன்றை மற்றொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. அங்கே இருப்பது எழுத்தா, எண்ணா என்பதையும் சீட்டு சொல்லாது.

1971ல் ரிச்சி அந்த மொழியை மாற்றியமைக்கத் தொடங்கினார். இடத்தோடு சேர்த்து, அங்கே என்ன இருக்கிறது என்பதும் பாயிண்டரின் வகையிலேயே குறிக்கப்பட்டது. அதன்பின், ஒன்றைக் கூட்டு என்று எழுதினால் போதும். அடுத்த எழுத்தானாலும் அடுத்த எண்ணானாலும், எத்தனை பெட்டி தாண்ட வேண்டும் என்பதை கம்பைலர் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு தடை இருந்தது. யூனிக்ஸ் கோப்புப் பட்டியலில் ஒவ்வொரு பதிவும் 16 பைட்; எண்ணுக்கு 2, பெயருக்கு 14. அதை உள்ளபடியே மொழியில் விவரிக்க ரிச்சி விரும்பினார். அதுவரை ஒவ்வோர் அணியோடும் ஒரு பாயிண்டர் தனியாகச் சேமிக்கப்பட்டு வந்தது. 16 பைட்டுக்குள் அதற்கு ஏது இடம்? சேமிக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தார் ரிச்சி. அணியின் பெயரைப் பயன்படுத்தும்போது, அதன் முதல் பெட்டியின் எண்ணை கம்பைலரே அப்போதைக்கு உருவாக்கித் தரும்.

அன்றிரவு நான் தடுமாறியது இந்த விதியில்தான். பத்து எண்களுக்கு இடமுள்ள அணியை ஒரு செயற்கூறுக்கு அனுப்பினேன். இடம் முடிந்ததும் அது தானாக நின்றுவிடும் என்று நம்பினேன். அங்கே போய்ச் சேர்ந்ததோ முதல் பெட்டியின் எண் மட்டும்தான்! பெட்டிகள் எத்தனை என்பதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

1973ல் யூனிக்ஸின் மையப்பகுதி சி மொழியில் மீண்டும் எழுதப்பட்டது. சில ஆண்டுகளில் அது முற்றிலும் வேறு வகைக் கணினிகளுக்கும் சென்றது. 1978ல் பிரையன் கெர்னிஹானோடு சேர்ந்து ரிச்சி எழுதிய சி மொழி நூல் வெளியானது. 1983ல் தாம்சனுடன் டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் எளிமை வேறு, பாதுகாப்பு வேறு. 1988ல் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு பயன்படுத்திய வழிகளில் ஒன்று, உள்ளே வரும் தரவின் நீளத்தைச் சரிபார்க்காத ஒரு சி நிரல். என் தவற்றின் அண்ணன் என்றே அதைச் சொல்லலாம். அணியையும் பாயிண்டரையும் சி மொழி கையாளும் விதம் குழப்பம் தரக்கூடியது என்பதை, 1993ல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் ரிச்சியே ஒப்புக்கொண்டார். தாம் படைத்ததன் குறையைத் தாமே எடுத்துச் சொன்ன அந்த நேர்மைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

2011 அக்டோபர் 12ஆம் தேதி, நியூஜெர்சியில் உள்ள வீட்டில் ரிச்சி இறந்து கிடந்தார். வயது 70. அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்திருந்தார். உலகின் கவனம் முழுவதும் அங்கே இருந்தது. ஆனால் ஐபோனின் இயங்குதளம் யூனிக்ஸ் வழிவந்தது. ஆண்டிராய்டுக்கு அடிப்படையான லினக்ஸ் சி மொழியில் எழுதப்பட்டது.

இப்போதெல்லாம் பாயிண்டரைப் பயன்படுத்துமுன் தாளில் பெட்டிகளை வரைந்து, எண்ணிட்டு, கடைசிப் பெட்டிக்குப் பிறகு ஒரு கோடு போடுகிறேன். அந்தக் கோட்டை ரிச்சி நமக்காகப் போட்டுவைக்கவில்லை. அதை நாம்தான் போட வேண்டும்.