புலி வேட்டைக்காரரின் வாத்தியார்

ஜிம் கார்பெட் என்றதும் உங்களுக்கு ஆட்கொல்லிப் புலியும் துப்பாக்கியும்தான் ஞாபகம் வரும். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கில் உள்ள சம்பாவத் பெண்புலியை 1907-இல் சுட்டவர். ருத்ரபிரயாகை பக்கம் எட்டு வருடம் மக்களை நடுங்க வைத்த சிறுத்தையை 1926-இல் வீழ்த்தியவர். இதெல்லாம் நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். அவருக்குக் காட்டைச் சொல்லிக்கொடுத்த பெரியவரைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதனால் இந்த இதழில் அவரையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கார்பெட் 1875-இல் நைனிடாலில் பிறந்தார். அப்பா அங்கே போஸ்ட் மாஸ்டர். பையனுக்கு ஆறு வயது நிறைவதற்குள் அப்பா போய்விட்டார். பெரிய குடும்பம், சின்ன வருமானம். மூத்த அண்ணன் டாம் அதே தபாலாபீஸ் பொறுப்பை ஏற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். குளிர்காலம் வந்தால் மலையிலிருந்து இறங்கி, அடிவாரத்தில் காலாதுங்கி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்த வீட்டைச் சுற்றிலும் காடு. ஒருமுறை டாம் இந்தத் தம்பியைக் கரடி வேட்டைக்கு அழைத்துப் போய், கையில் துப்பாக்கியைக் கொடுத்து ஓரிடத்தில் தனியாக உட்கார வைத்துவிட்டுப் போனாராம். நாமெல்லாம் பிள்ளையை லிஃப்டில் தனியாக அனுப்பவே யோசிக்கிறோம்!

அண்ணனுக்கு அடுத்த வாத்தியார்தான் குன்வர் சிங். பக்கத்துக் கிராமத்தின் தலைவர், தாக்கூர் சாதிக்காரர், வயதில் மிகவும் மூத்தவர். ஆனால் அந்த வட்டாரத்தில் அவருக்கு வேறு பெயரும் உண்டு. அரசாங்கக் காட்டுக்குள் திருட்டு வேட்டை ஆடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. சிறுவன் கார்பெட்டுக்கு யாரோ ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி கொடுத்தார்கள். மருந்து கெட்டித்துச் சுடுவது, அதிலும் ஒரு குழல் விரிசல் விட்டது. அதைக் கேள்விப்பட்டு, வா என்று காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் குன்வர் சிங்.

அவர் பாடத்தில் முக்கியமானது மரம் ஏறுவது. அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். அவருடைய கூட்டாளி ஹர் சிங்குக்கு மரம் ஏறத் தெரியாது. ஒருநாள் காட்டில் புலி வந்துவிட்டது. குன்வர் சிங் மரத்தின் மேல், ஹர் சிங் கீழே. புலி அவரை அடிமரத்தோடு சேர்த்து மடக்கிவிட்டது. மேலிருந்தவர் துப்பாக்கி வெடித்த சத்தத்தில்தான் அது விலகியது. ஹர் சிங்கின் வயிறு கிழிந்து குடல் வெளியே வந்திருந்தது. அதை உள்ளே தள்ளி, தலைப்பாகைத் துணியால் இறுக்கிக் கட்டி, காலாதுங்கி ஆஸ்பத்திரிக்கு நடத்தியே கூட்டி வந்தார் குன்வர் சிங். ஆள் பிழைத்துவிட்டார். இதைக் கேட்ட பையன் மரம் ஏறக் கற்றுக்கொள்ளாமல் இருப்பானா?

பிறகு கார்பெட் ரயில்வே வேலைக்குப் போனார். கங்கைக் கரையில் மோகாமே காட் என்ற இடத்தில் சரக்கு மாற்றும் ஒப்பந்தம், இருபது வருடத்துக்கு மேல். அங்கே நடந்த ஒன்றை, வங்கியில் காலம் கழித்தவன் என்பதால், சொல்லாமல் விட மனமில்லை. நொடித்துப் போய்க் காலராவிலும் படுத்த ஒரு வியாபாரிக்கு, பத்திரம் ஜாமீன் எதுவும் இல்லாமல் 500 ரூபாய் கொடுத்தார். அந்த மனிதர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தபோது வட்டியையும் நீட்டினார். கார்பெட் வட்டியை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

குன்வர் சிங்குக்கு வந்த சோதனை புலியால் வந்ததில்லை. அபினி. கடைசிக் காலத்தில் அந்தப் பழக்கம் அவரை உருக்கிப் போட்டது. இனி தேறமாட்டார் என்று கிடந்தவரை கார்பெட் கண்டார். பாலைச் சுடவைத்துக் கொடுத்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். தெளிந்ததும், இனி அபினியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். மாணவனிடம் செய்த சத்தியத்தைக் குரு காப்பாற்றினார். அதன்பின் சில வருடங்கள் நல்லபடியாக வாழ்ந்து கண்ணை மூடினார்.

கார்பெட் போகப்போக வேட்டையைக் குறைத்துக் கேமராவைத் தூக்கினார். புலிகள் அழிந்துவிடும் என்ற கவலை அவருக்கு. 1936-இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாவுன் அடிவாரத்தில் அமைந்ததில் அவர் பங்கு உண்டு. 1957-இல் அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. 1947-இல் அக்கா மேகியோடு கென்யாவுக்குப் போனவர், 1955-இல் அங்கேயே காலமானார்.

அங்கிருந்து 1952-இல் வெளியிட்ட மை இந்தியா என்ற புத்தகத்தில் ஒரு அத்தியாயத்தின் தலைப்பே குன்வர் சிங். அவர் திருட்டு வேட்டைக்காரர் என்பதையோ அபினி விஷயத்தையோ கார்பெட் மூடி மறைக்கவில்லை. படிக்கிற உங்களுக்கு அவர் மேல் மரியாதைதான் கூடும். நைனிடால் பக்கம் சுற்றுலா போகிறவர்கள், காலாதுங்கியில் அந்தக் குளிர்கால ஊரையும் பார்த்துவிட்டு வாருங்கள். கார்பெட் வீடு இப்போது அருங்காட்சியகம்.